காற்று எந்தப் பக்கம்

மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் லட்டு கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், வேலை எந்த ஊரில் என்று கேட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊர், கடலோரத்தில் ஏதோ ஒரு கிராமம். அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அதாம்மா, அணுமின் நிலையம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல" என்றாள், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்று சொல்லும் அதே குரலில்.

என் வாயில் இருந்த லட்டு அப்படியே நின்றுவிட்டது. அந்த வருஷம்தான் ஜப்பானில் கடல் பொங்கி உலைக்குள் புகுந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முகமூடி போட்ட ஜனங்கள் பைகளோடு வரிசையாக நின்றதைப் பார்த்து, பாவம் யார் பெற்ற பிள்ளைகளோ என்று உச்சுக் கொட்டியவள் நான். இப்போது என் பிள்ளையே அந்த மாதிரி ஒரு கட்டடத்தின் நிழலில் போய் உட்காரப் போகிறது. கொடுத்த லட்டை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, கோரையாற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டவள். லுத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்சம் நஞ்சை, கொல்லையில் தென்னை, வெளிநாட்டில் புருஷன். எங்கள் பக்கத்தில் இது மூன்றும் இருந்தால் வசதியான குடும்பம் என்று பெயர். நிம்மதியான குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இயல்பிலேயே இருப்புக் கொள்ளாது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து முடித்து, கடைசியில் பாலைப் பொங்கவிட்டுத் திட்டு வாங்குகிற ஜன்மம்.

இந்தப் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் வெல்டராகக் குவைத்துக்குப் போனார். மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அங்கே சண்டை வந்தது. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று தெரியாமல் நான் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒருநாள் மன்னார்குடியிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், ஒரே ஒரு பையோடு, தாடியோடு வந்து இறங்கினார். பாலைவனத்தைத் தாண்டி, வேறொரு தேசத்தில் கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி வந்த கதையை அதிகம் சொல்ல மாட்டார். ஒன்றை மட்டும் சொல்வார்: "சொல்றப்ப கிளம்பிக்கலாம்னு உக்காந்திருந்தவன் ரொம்ப கஷ்டப்பட்டான். முன்னாடியே கிளம்பினவன் தப்பிச்சுட்டான்."

அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். அவரோ கொஞ்ச காலத்தில் சவூதிக்குக் கிளம்பிவிட்டார். நாடு கதவைத் திறந்துவிட்டது, இனிமேல் எல்லாம் மாறும் என்று பேசிக்கொண்ட வருஷங்கள் அவை. எங்கள் ஊரில் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததைவிட வெளியே போனவர்கள்தான் அதிகம். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் என்றால் தெருவில் ஆண்பிள்ளை முகமே தட்டுப்படாது. திருப்பூர், சென்னை, துபாய். மிச்சம் இருந்தவர்கள் நாங்கள்தான், பெண்டுகளும் மாடுகளும்.

மகள் வேலையில் சேர்ந்தாள். நான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

முதல் திட்டம், பை. அவள் கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு பை தயாராக இருக்க வேண்டும். மாற்றுத் துணி, சான்றிதழ்கள், தண்ணீர் பாட்டில், அவித்துக் காய வைத்த கடலை. அந்த ஊரில் கார் ஓட்டுகிற ஒருவரின் நம்பரை நானே விசாரித்து வாங்கி, அவரிடம் நானே பேசி, "தம்பி, எது நடந்தாலும் முதல்ல எம்பொண்ண ஏத்திக்கங்க" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரிங்கம்மா" என்றது. இரண்டாவது, காற்று. இந்த விஷம் தண்ணீரில் வருவதைவிடக் காற்றில்தான் முதலில் வரும் என்று டிவியில் ஒரு கண்ணாடிக்காரர் படம் போட்டு விளக்கியதைப் பார்த்திருந்தேன். அன்று முதல் தினமும் சாயங்காலம் போன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"காத்து எந்தப் பக்கம்?"

"அம்மா!"

"வெளில போய் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. பாக்காம சொல்லாத."

"கடல்லேர்ந்து ஊரப் பாத்து அடிக்குது. தினம் சாயங்காலம் அப்படித்தான் அடிக்கும். கடக்கரைன்னா அப்படித்தான் இருக்கும்."

"அந்தக் கட்டடம் உனக்கு எந்தப் பக்கம்?"

இந்த இடத்தில் அவள் வழக்கமாகப் போனை வைத்துவிடுவாள்.

எங்களுக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றே ஒன்று. உடைப்பு. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் கொட்டி, ஆற்றங்கரை எங்காவது பிய்த்துக்கொண்டால் தண்ணீர் வயல் வழியாகத் தெருவுக்கு வரும். அப்போது என்ன செய்வது என்று யாரும் எங்களுக்கு வகுப்பு எடுத்ததில்லை. கை தானாகச் செய்யும். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஆ என்று திறந்துவிட வேண்டும். சாத்திய கதவில் தண்ணீர் முட்டினால் சுவர் போய்விடும். திறந்திருந்தால் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். ஆடு மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். அரிசியையும் அடுப்பையும் மேலே ஏற்ற வேண்டும். பிறகு மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் மணி. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் கோயில் மதிலும் ஒன்றுதான். எங்கள் தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மாமனார் காலத்திலிருந்து மணிக்கயிறு எங்கள் வீட்டுப் பொறுப்பு. ஆராதனைக்கு ஒரு மாதிரி, சாவுக்கு ஒரு மாதிரி அடிப்போம். உடைப்புக்கு மட்டும் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். மணி கேட்கும்வரை நேரம் இருக்கிறது, நடக்கலாம் என்று ஊருக்குத் தெரியும். மணி நின்றுவிட்டால் அடிக்கிற ஆளும் போய்விட்டது, இனி கிடைத்த இடத்தில் ஏறிக்கொள் என்று அர்த்தம். இந்து வீடுகளும் இதை நம்பித்தான் கிளம்புவார்கள். வீட்டுக்காரர் வெளிநாடு போன பிறகு கயிறு என் கைக்கு வந்தது. அதை நான் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. வாசல் தெளிப்பது, கோலம் போடுவது, மணி அடிப்பது, அவ்வளவுதான்.

மகள் வேலைக்குப் போன அடுத்த வருஷம் அவளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். உண்மையைச் சொன்னால், திட்டத்தை நேரில் சரிபார்க்கப் போனேன். மாடிப்படி வெளியே வைத்த, தளம் போட்ட ஒரு சின்ன வீட்டின் ஒரு பகுதியில் குடியிருந்தாள். பக்கத்துப் பகுதியில் வீட்டுக்கார அம்மாள். ஆடு வளர்ப்பவள், என் வயசு, என்னைவிட நிதானம். பையைத் தேடினேன். கட்டிலுக்குக் கீழே இருந்தது. திறந்தால் உள்ளே அவளுடைய பழைய செருப்புகள். கடலையை என்றைக்கோ தின்று தீர்த்திருந்தாள்.

"இப்படி இருந்தா எப்படிடி?" என்று ஆரம்பித்தேன்.

"ரொம்பக் கவலப்படாத. நாளைக்கே நீ நேர்லயே பாக்கப் போற" என்றாள். மறுநாள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒத்திகையாம். உலையில் விபத்து என்று வைத்துக்கொண்டு ஜனங்களை எப்படி வெளியேற்றுவது என்று அதிகாரிகள் செய்து பார்ப்பார்களாம். "சைரன் ஊதும். நீ கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டு உள்ளயே இரு. வெளில வராத. வீட்டுக்கே வந்து கதிர்வீச்சுக்கு மாத்திரை குடுப்போம். அப்புறம் பஸ் வரும், சொன்னதும் ஏறிக்க. புரிஞ்சுதா?"

"புரியாம என்ன, நான் என்ன மக்கா?"

"எங்க, திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

காலையில் அவள் போய்விட்டாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சைரன் ஊதியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வயிற்றுக்குள் போகிற சத்தம். அதன் பிறகு நடந்ததற்கு என் புத்தி பொறுப்பில்லை. என் கைதான் பொறுப்பு. வாசல் கதவைத் திறந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தேன். வீட்டுக்கார அம்மாளின் பகுதிக்கு ஓடி ஆடுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். அரிசித் தூக்கையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். உள்ளேயிருந்து அந்த அம்மாள், "அக்கா, என்ன பண்றீங்க? உள்ள வாங்கக்கா, கதவச் சாத்துங்க!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. கேட்டும் ஏறினேன். மேலே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்த்தேன்.

தண்ணீர் வரவில்லை. நல்ல வெயில். அந்தத் தெரு முழுக்க ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு ஜன்னலும் சாத்தியிருந்தது. ஒரு ஈ, காக்கை இல்லை. எங்கள் வீடு மட்டும் முன்னும் பின்னும் திறந்து கிடந்தது. நடுத்தெருவில் ஆடுகள், இப்படி ஒரு நாள் வராதா என்று காத்திருந்தவை போல உலாத்திக்கொண்டிருந்தன. எதிரே வரிசையாக ஜீப்புகள். முன் ஜீப்பு ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆடுகள் நகராததால் நின்றது. பின்னால் எல்லாம் நின்றன.

கையில் பட்டை கட்டிய ஒரு பெரிய அதிகாரி இறங்கி மேலே பார்த்தார். "யாரும்மா அது மாடியில?"

"தண்ணி எந்தப் பக்கம் சார் வருது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னையும் என் கையில் இருந்த ஸ்டவ்வையும் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்க?"

"மன்னார்குடிப் பக்கங்க."

"அதானே பாத்தேன். இங்க தண்ணி வரலம்மா. காத்து வருது. மாடில நின்னா இன்னும் நல்லா வரும். எறங்குங்க."

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பின்னால் வந்த வேனில் இருந்து என் மகள் இறங்காமல் இருந்திருந்தால். வெள்ளை உடுப்பு தலை முதல் கால் வரை மூடியிருந்தது. நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் படியேறி வந்து, ஸ்டவ்வை வாங்கிக்கொண்டு, என்னைக் கீழே கூட்டிவந்து உள்ளே விட்டு, இரண்டு கதவையும் சாத்தினாள். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு கவரை நீட்டினாள். ஒத்திகை என்பதால் உள்ளே மாத்திரை இல்லை. "ஒண்ணு இப்ப போட்டுக்கங்க. பஸ் வர்றவரைக்கும் வெளில வராதீங்க" என்றாள். வாங்க போங்க என்று என் மகள் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னாள். குரல் தேய்ந்து தேய்ந்து தெரு முனை வரை போனதைக் கேட்டுக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பஸ்கள் வந்தன. என் மானம் கொஞ்சம் திரும்பியிருந்தது. பஸ் ஏறுவதில் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தே வளர்ந்த உடம்பு இது. முதல் ஆளாக ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒன்றில் நான் உட்கார்ந்து, பக்கத்தில் என் பையை வைத்தேன். கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன்.

வழியனுப்பும் வேலை பார்த்த ஒரு பையன், கல்லூரிப் பிள்ளையாக இருக்கும், என்னிடம் வந்தான். "அம்மா, பையை மடில வெச்சுக்கங்க. ஆள் உக்காரட்டும்."

"ஆள் இருக்கு. எம்பொண்ணு வருது."

"எங்க இருக்காங்க?"

"இங்கதான் தம்பி. நர்ஸு. மாத்திரை குடுத்துக்கிட்டு இருக்கு, முடிச்சுட்டு வந்துரும்."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. "அவங்க இதுல வர மாட்டாங்கம்மா."

"அடுத்த பஸ்ஸா? அப்பன்னா நானும் அதுலயே வர்றேன்."

"இல்லம்மா. அவங்கள்லாம் எந்த பஸ்லயும் இல்ல. கடைசி வீடு வரைக்கும் பாத்துட்டு, அவங்க இங்கதான் இருக்கணும்."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தது. பஸ் கிளம்பியது. ஆட்கள் இல்லாத தெருவில் வெள்ளை உடுப்புகள் சில வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் எது என் மகள் என்று அந்தத் தூரத்தில் நடையை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. இது ஒத்திகை, சும்மா விளையாட்டு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. தெரு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தூரத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். ஒரு கருவியைக் கையிலும் காலிலும் காட்டிப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்கள். உப்புமா கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மாள் ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என் தட்டையும் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தாள். நல்ல மனுஷி. நான் அந்த உப்புமாவைத் தொடவில்லை.

சாயங்காலம் மகள் வந்தபோது உடுப்பு வேர்வையில் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. குளித்துவிட்டு வரும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏண்டி, ஊரையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு நீ மட்டும் உள்ள கிடக்கறதுக்கா உன்னப் பெத்தேன்? இதுக்கா உங்கப்பா வெயில்ல வெந்து படிக்க வெச்சாரு? எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"அன்னைக்கே வந்து இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"அதான் சொல்லல." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "நானும் ஏறிட்டா யாரும்மா வீடு வீடா போறது? எழுந்திரிக்க முடியாம கிடக்கறவங்க இருக்காங்க, பிரசவத்துக்கு இருக்கறவங்க இருக்காங்க. அவங்க வீடு எங்களுக்குத்தான் தெரியும்."

"அதுக்கு வேற ஆளே இல்லையா நாட்டுல?"

"இருக்காங்க. அவங்களுக்கும் அம்மா இருக்காங்க."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அழுதேன், கத்தினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். எல்லா அஸ்திரத்தையும் எடுத்தேன். கடைசியில் அவளே இறங்கிவந்தாள். எங்கள் ஊருக்குக் கிட்டே, நன்னிலம் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் காலி இடம் இருந்தது எனக்கு முன்பே தெரியும். மன்னார்குடியில் எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், அரசியல் செல்வாக்கு உள்ளவர், மாறுதலுக்கு அவள் விண்ணப்பம் போட்டால் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார். "சரி. கிறிஸ்துமஸுக்கு வர்றப்ப கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் அதப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். நான் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து விண்ணப்பத்தை டைப் அடித்து வாங்கி வைத்தேன். கையெழுத்து இடம் மட்டும் காலி. பேசக் கூடாது என்பதால் பேசவில்லை. காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டும் விடாமல் கேட்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. புயல் சின்னம் என்றார்கள், கரையைக் கடக்கும் என்றார்கள். அது கடக்காமல் எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த வயல் எல்லாம் ஒரே ஏரியாகிவிட்டது. ஒரு மத்தியானம், மேலக்கரையில் இருந்து யாரோ கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். உடைப்பு.

கை தானாக வேலை செய்தது. கதவுகளைத் திறந்தேன். மாட்டை அவிழ்த்தேன். அரிசி, அடுப்பு, பைபிள், அந்த விண்ணப்பம் எல்லாம் பரணுக்குப் போயின. பிறகு மதிலைச் சுற்றி ஓடி, மணிக்கூண்டின் மேடையில் ஏறிக் கயிற்றைப் பிடித்தேன்.

அடிக்க ஆரம்பித்தால் வேறு நினைப்பு வராது. தெருவழியாகப் பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும் ஜனங்கள் நடந்து போனார்கள். டிராக்டர் ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் தெருவுக்குமாக ஓடியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து கோயில் வாசலை நனைத்தது, முதல் படியில் ஏறியது. ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் போதகர், முழங்கால் தண்ணீரில் நின்று, "கீழத்தெருவுல தையல்காரர் மட்டும் பாக்கி. மெஷினை விட்டுட்டு வர மாட்டேங்கறார்" என்று கத்திச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். தையல்காரருக்கு ஒரு கால் சூம்பியிருக்கும். மிதிக்க வேண்டியிராமல் மோட்டார் வைத்த மெஷின் அது, அவருடைய சொத்தே அதுதான். சண்டாளன், மெஷினைக் கட்டிக்கொண்டு சாகப்போகிறான் என்று திட்டிக்கொண்டே அடித்தேன்.

ரவிக்கைக்குள் செருகியிருந்த போன் அடித்தது. ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே மறு கையால் எடுத்தேன்.

"அம்மா! டிவில நம்ம பக்கம் உடைப்புன்னு போடுறாங்க. எங்க இருக்க?"

"பள்ளிக்கூடத்துலதான்."

"வண்டி ஏறிட்டியா?"

"ஏறி, வந்து, உக்காந்தாச்சு. எல்லாரும் இருக்கோம். நீ வை."

அவள் வைக்கவில்லை. என் தலைக்கு மேலே மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் இழுத்த இழுப்புக்கெல்லாம் அது அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எதன் அடியில் நின்றுகொண்டு பொய் சொல்கிறேன் என்று.

"இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டாள்.

"தையல்காரர்."

"மெஷினா?"

"மெஷின்தான்."

"சரி." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சின்ன வயசுல என்னை டிராக்டர்ல ஏத்திவிட்டுருவல்ல, அப்ப இந்த மணியத்தான் கேட்டுக்கிட்டே போவேன். கேக்கறவரைக்கும் நீ இருக்கன்னு அர்த்தம். நின்னுட்டா நீ வந்துட்டு இருக்கன்னு அர்த்தம். ரெண்டுக்கு நடுவுலதாம்மா ரொம்பப் பயமா இருக்கும். போனை வை. ரெண்டு கையாலயும் அடி. அவரு ஏறினதும் எனக்குக் கூப்பிடு."

போனை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அடித்தேன். மழையோடு மழையாக அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். தையல்காரர் மெஷினோடுதான் வந்தார். டிராக்டரில் அவரை ஏற்றி, மெஷினை ஏற்றி, ஐயரும் ஏறி, வண்டியை மணிக்கூண்டு மேடையை ஒட்டி நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கயிற்றை விட்ட பிறகும் மணி தானாக இரண்டு மூன்று முறை ஆடி அடித்தது. ஏறி உட்கார்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு இன்னும் இருந்தது. வயல் அழுகிப் போயிருந்தது. ஆராதனை முடிந்து வந்து, புதுப் புடவையைக்கூட மாற்றாமல் அவளேதான் கேட்டாள்: "அந்தப் பேப்பரக் கொண்டாம்மா. கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன்ல."

பரணில், பைபிளுக்கு அடியில், ஒரு சொட்டு ஈரம் படாமல் அது இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போட்டுவிடுவாள். சொன்ன சொல் மாறாத பிள்ளை. நன்னிலம் பஸ்ஸில் காலையில் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் பரண் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"அதெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சுடி" என்றேன்.

அவள் பரணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பரணுக்கு ஒருநாளும் வெள்ளம் ஏறியதில்லை என்பது அவளுக்கும் தெரியும். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, கறிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

இதனால் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரவில்லை. இன்றைக்கும் சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். இப்போதெல்லாம் அவள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று என்னைக் கேட்கிறாள்.